முத்திரை குத்திய முள்

தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முத்திரை சார் என்றால்தான் தெரியும். முப்பத்து நான்கு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் கம்பியில் ஒரு சின்ன ஈய உருண்டையைக் கோத்து, கொறடால் நசுக்கி, முத்திரை வைப்பார். சரியில்லை என்றால் தராசையே தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்றும் அவர் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரரின் கை தானாகப் போய்த் தராசுத் தட்டைத் துடைக்கும்.

நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. கூட இருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன் இரும்புக் கடை வைத்திருந்தார். நூறு கிலோவுக்கு இருநூறு கிராம் தள்ளி நின்றது என்பதற்காக அவருடைய தராசையும் இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மச்சான் இரண்டு வருடம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. "நான் உங்க அண்ணனை ஒண்ணும் சொல்லலையே, தராசைத்தானே சொன்னேன்" என்று மனைவியிடம் சமாதானம் சொன்னார். அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார் என்பது இன்னும் மோசம்.

அவருக்கென்று ஒரு விதி இருந்தது. கரடியாகக் கத்தியாவது அதை எல்லார் மண்டையிலும் ஏற்றிவிடுவார். ஒரு மாவு மில்காரர் பீரோ வைக்க இடம் வேண்டும் என்று எடை மேடையை முன்னறையிலிருந்து பின்னறைக்கு நகர்த்தினார். பத்தடி தூரம்தான். இவர் போய் முத்திரையை வெட்டி எறிந்துவிட்டார். "போன மாசம்தானே சார் குத்தினீங்க?" என்று அந்த மனிதர் அழாத குறை. "அப்ப அது அங்க இருந்துச்சு. கருவியை அது இருக்கற இடத்துல வச்சுத்தான் சோதிக்கணும். நகந்துச்சுன்னா முத்திரை செத்துப் போச்சு" என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் இந்த வாக்கியம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பரிமாறப்பட்டது.

கேட்டுக்கொண்டு சாப்பிட்டவர் அவருடைய மனைவி. தெருவுக்கு அவர் சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து, இவருக்கு ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்றவர். இவர் கருவியை நம்புகிறவர் என்றால் சிஸ்டர் ஆளை நம்புகிறவர். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் புறங்கையை நெற்றியில் வைப்பார், அப்புறம் கழுத்தில். தெர்மாமீட்டர் அதற்குப் பிறகுதான். "மெஷின் சொல்றது இருக்கட்டும், ஆளு எப்படி இருக்கான்னு முதல்ல பாரு" என்று வார்டில் புதிதாக வரும் பெண்களை அவர் விரட்டுவாராம். முத்திரை சாருக்கு இது பெரிய அபசாரமாகப் படும். புறங்கைக்கு எந்த ஆபீசில் முத்திரை குத்துகிறார்கள் என்று கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பைத்தியம், அந்த வண்டி.

பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாகப் போகும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் வீட்டுப் பின்கட்டில் அதைக் கண்டுபிடித்தார். கோழிகள் குடியிருந்தன. டிரைவர் சீட்டில் மூன்று முட்டை இருந்தது. சிஸ்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முட்டை போடற வண்டியை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். முத்திரை சார் சிரிக்கவில்லை. லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிறு ஞாயிறாகப் பதினோரு வருடம் அதைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக்கூடப் பெயிண்ட் அடித்தார். சீட்டுக்கு அடியில், கதவுக்கு உள்ளே, விளக்குக்குப் பின்னால், எல்லா இடத்திலும் மூன்று கோட். "உள்ள யாருங்க பாக்கப் போறா?" என்று சிஸ்டர் கேட்டதற்கு, "எனக்குத் தெரியுமே" என்றார்.

அந்த வண்டியை அவர் வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. சிஸ்டர் நர்சிங் படித்தது நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு துறைமுக ஊரில். அங்கே ஒரு தோழி. சிஸ்டர் நெட்டை, தோழி குட்டை, அதுவே இருவருக்கும் பெயராகிவிட்டது. ஒரு நாள் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டுக் கால் வலிக்க வலிக்க ஹாஸ்டலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது, கூரையில்லாத ஒரு காரில் இரண்டு பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு சிரித்தபடி போனார்களாம். ரோட்டில் கிடந்த தண்ணீர் இவர்கள் வெள்ளை உடுப்பிலெல்லாம் தெறித்தது. குட்டை அங்கேயே நின்று, "ஒரு நாள் நாம ரெண்டு பேரும் இதே ரோட்டுல அப்படிப் போறோம்டி, அந்த வார்டன் வயிறெரிஞ்சு பாக்கணும்" என்றாராம். கல்யாணமான புதிதில் சிஸ்டர் இதைப் பேச்சோடு பேச்சாக ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவை. முத்திரை சாருக்கு அன்பைச் சொல்லத் தெரியாது. கேட்டதை மறக்கவும் தெரியாது.

வண்டி ஓடத் தொடங்கியதும் குட்டை வீட்டுக்குப் போய்வருவதாகத் திட்டம். இரண்டு வருடம் ஏதேதோ காரணங்களில் தள்ளிப் போயிற்று. ஒரு தடவை சிஸ்டரின் முழங்கால், ஒரு தடவை மச்சானின் ஆபரேஷன், ஒரு தடவை வெள்ளத்தில் ரோடு அடித்துக்கொண்டு போனது. போன வருடம் எல்லாம் கூடி வந்தபோது வண்டிக்குக் காய்ச்சல் வந்தது.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள், டேஷ்போர்டில், நடுவில் நிற்க வேண்டும். கிளம்பிப் பத்து கிலோமீட்டர் வரை ஒழுங்காக ஏறி நடுவுக்கு வரும். அப்புறம் நிற்காது. ரயில்வே மேம்பாலம் வரும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். முத்திரை சார் உடனே ஓரம் கட்டி, ஆறவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார். சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓட்டினால் இன்ஜின் இறுகிப் போகும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் வராது. இப்படி ஏழு தடவை. ஏழு தடவையும் சிஸ்டர் தலையில் துணி கட்டிக்கொண்டு கிளம்பி, அதே துணியை மடித்துக்கொண்டு திரும்பினார்.

ஒன்றையும் அவர் விட்டு வைக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, ஹோஸ் எல்லாம் புதுசு. முள் மட்டும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சிவப்பில் நின்றது. மெக்கானிக் நண்பர் ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் "பொறுமையா பாப்போம் சார்" என்பதால் அவருக்குப் பொறுமை என்றே பெயர். அவர் ஒரு வியாழக்கிழமை வீட்டு வாசலில் வண்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, ஹோஸைத் தொட்டு, புகையை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி கொதிக்கற மாதிரி எனக்குத் தெரியல. முள்ளுதான் கொதிக்குதோ என்னமோ."

முத்திரை சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த மீட்டரை நானே கழட்டி, நானே சோதிச்சது, பொறுமை. சென்சரைக் கொதிக்கற தண்ணில போட்டு, பழைய ஆபீஸ் தெர்மாமீட்டர் ஒண்ணைப் பக்கத்துல வச்சு, டிகிரி டிகிரியா பாத்தேன். ஒரு முடி அளவு பிசகல. முத்திரையே குத்தியிருக்கேன், பாக்கறியா?"

உண்மைதான். மீட்டரின் பின்பக்கத்தில் ஒரு ஈய உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அவருக்கு இருந்தது.

"அது சரி சார். இது எப்பலேருந்து ஏறுது?"

"போன வருஷம் வெயில் ஆரம்பிச்சதுலேருந்து."

பொறுமை தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் அந்தக் கேள்வியை இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

அந்த வாரத் தொடக்கத்திலேயே குட்டையிடமிருந்து போன் வந்திருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார், மகளோடு வெளிநாட்டுக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் விமானம். "இனிமே வர மாட்டேன் நெட்டை. என் இடுப்பு இன்னொரு பிரயாணத்தைத் தாங்காது. முடிஞ்சா முகத்தைக் காட்டிட்டுப் போ." போனை வைத்துவிட்டு சிஸ்டர் கொஞ்ச நேரம் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வந்து, கோபமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல் சொன்னார்.

"சனிக்கிழமை காலைல வண்டிலயே கிளம்பலாம். ஆனா பத்தரை மணி பஸ்ஸுக்கும் டிக்கெட் போட்டுட்டேன். முள்ளு ஏறுச்சுன்னா என்னைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுருங்க. இந்தத் தடவை நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்."

முத்திரை சார் சரி என்றார். பஸ்ஸில் போனாலும் குட்டையைப் பார்க்கலாம்தான். ஆனால் பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள் எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சிஸ்டருக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஏழரைக்குக் கிளம்பினார்கள். பெட்ரோல் முள் கால் டேங்குக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. நாற்பதாவது கிலோமீட்டரில் இருக்கும் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று முத்திரை சார் கணக்குப் போட்டார். சிஸ்டர் தலையில் நீலத் துணியைக் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கையசைத்தார். எட்டாவது தடவையாக அசைக்கிறோமே என்ற சங்கடம் அவர் கையிலேயே தெரிந்தது.

மேம்பாலம் வந்தது. முள் சிவப்பைத் தொட்டது.

முத்திரை சார் ஓரம் கட்டினார். சிஸ்டர் இறங்கினார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். பழக்கப்பட்ட நோயாளியைப் பார்க்கிற மாதிரி ரேடியேட்டருக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டினார். அப்புறம் மேல் ஹோஸை லேசாகத் தொட்டார்.

"இதுக்கு ஜுரம் இல்லைங்க."

"முள்ளு சிவப்புல நிக்குது."

"நின்னா நிக்கட்டும். நாப்பது வருஷமா தொட்டுப் பாத்த கை இது. சூடு இருக்கு, ஜுரம் இல்ல."

"கையை வச்சு இன்ஜினை ஓட்ட முடியாதும்மா" என்றார் அவர். வண்டியைத் திருப்பினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டார்கள். வண்டி இரண்டு தடவை விக்கியது. அப்புறம் ஒரு குலுக்கல். அப்புறம் சத்தமே இல்லை. ஒரு டயர் கடை வாசலில் உருண்டு போய் நின்றது.

முத்திரை சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். முள் சிவப்பில்தான் இருந்தது. "போச்சு" என்றார். "இறுகிப் போச்சு. கொன்னுட்டேன்." கண்ணில் தண்ணீர் நின்றது. மச்சான் இரண்டு வருடம் பேசாமல் இருந்தபோதுகூட அவர் கண் கலங்கியதில்லை.

சிஸ்டருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் வார்டில் அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் வேலை நடக்காது என்பது அவருக்குத் தெரியும். "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டார்.

"கால் டேங்க் இருக்கு."

"யார் சொன்னா?"

"முள்ளு."

"நீங்கதானே போன மாசம் பூரா பெருமை அடிச்சிட்டிருந்தீங்க? வண்டி பெட்ரோலே குடிக்க மாட்டேங்குது, என் கை பட்டதும் மைலேஜ் ஏறிடுச்சுன்னு தெருவெல்லாம் சொன்னீங்களே. ரெண்டு மாசமா பங்க் பக்கமே போகல. வியாழக்கிழமை வேற ரெண்டு மணி நேரம் நின்ன இடத்துல ஓடுச்சு. எங்கேருந்துங்க வரும் அவ்வளவு பெட்ரோல்?"

முத்திரை சார் திரும்பி மனைவியைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். டூல்ஸ் பெட்டியில் எப்போதும் ஒரு மர அளவுகோல் வைத்திருப்பார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து அதை உள்ளே இறக்கினார். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை டேங்குக்குள் இப்படிக் கோல் விட்டிருப்பார்! வெளியே எடுத்துப் பார்த்தார். நுனிகூட நனையவில்லை.

அளவுகோலைக் கையில் பிடித்தபடி ரோட்டோரம் நின்றார். சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வடிந்து, அங்கே பழைய இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்வது தெரிந்தது.

"ரெண்டு முள்ளும் பொய் சொல்லுது" என்றார். "ரெண்டும் கூடத்தான் காட்டுது. ஒரே பக்கமா."

"அதுக்கு?"

"ஒரு கடையில ரெண்டு தராசு ஒரே பக்கமா சாஞ்சுதுன்னா தராசைப் பாக்காதே, மேஜையைப் பாருன்னு ஆபீஸ் பசங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டுக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு கோணலா இருக்கு." சொல்லிவிட்டுப் பொறுமைக்குப் போன் போட்டார்.

பொறுமை இருபது நிமிடத்தில் மொபெட்டில் வந்தார். முன்னால் ஒரு பெட்ரோல் கேன், சட்டைப் பையில் டார்ச். ஊற்றியதும் வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. முத்திரை சார் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். ரொம்ப மெதுவாகத் தட்டினார்.

அப்புறம் இருவரும் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார்கள். வெளியே நான்கு கால் மட்டும் தெரிந்தது. டயர் கடைக்காரர் சிஸ்டருக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். உள்ளே பொறுமையின் குரல் கேட்டது.

"சார், இந்தச் சின்னத் தகரப் பெட்டி தெரியுதா? இதுதான் ஸ்டெபிலைசர். வீட்டுல ஃபிரிட்ஜுக்கு வைப்போமே, அந்த மாதிரி. பேட்டரி கரண்டைக் குறைச்சு, ஒரே சீரா ரெண்டு முள்ளுக்கும் இதுதான் குடுக்கும். இது வேலை செய்யணும்னா இதோட உடம்பு வண்டி உடம்பைத் தொடணும். தொடலைன்னா எர்த் கிடைக்காது. குறைக்காம அப்படியே முழு கரண்டும் போயிடும். ரெண்டு முள்ளும் எக்கச்சக்கமா ஏறிடும்."

"தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு? ஸ்குரூ போட்டு முறுக்கியிருக்கே?"

"ஸ்குரூ இருக்கு சார். ஆனா..." டார்ச் வெளிச்சம் உள்ளே நகர்ந்தது. "இந்தத் தகட்டுக்குப் பெயிண்ட் யார் சார் அடிச்சது?"

ரோட்டில் இரண்டு லாரி போயிற்று.

"நான்தான்" என்றார் முத்திரை சார். "போன வருஷம் டேஷ்போர்டைக் கழட்டினப்போ. பெட்டிக்கும் அடிச்சேன், தகட்டுக்கும் அடிச்சேன், ஸ்குரூ ஓட்டைக்குள்ளயும் அடிச்சேன். மூணு கோட்."

"நல்ல பெயிண்ட் சார்" என்றார் பொறுமை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

முத்திரை சார் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க அழுக்கு. மனைவியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். "புரியல. அந்த மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு. நானே சோதிச்சேன். ஒரு முடி அளவு..."

"எங்க வச்சு சோதிச்சீங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"வீட்டுல. சாப்பாட்டு மேஜைல. ஆபீஸ்லேருந்து கரண்டு மெஷின் வாங்கிட்டு வந்து, மீட்டருக்குன்னு இருக்கற பத்து வோல்ட்டைச் சரியா அளந்து குடுத்து..."

"முத்திரை எப்ப குத்தினீங்க?"

"அங்கயேதான்."

"அப்புறம்?"

"அப்புறம் கொண்டுபோய் வண்டில மாட்டினேன்."

சிஸ்டர் தலைத்துணியின் முடிச்சைச் சரி செய்துகொண்டு அவரையே பார்த்தார். இனிச் சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"நகந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தார் முத்திரை சார். மாவு மில்காரரின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நகந்துச்சுன்னா முத்திரை செத்துப் போச்சு" என்று முடித்தார்.

ஊருக்கெல்லாம் தராசு பார்த்தவர் தன் வீட்டு முள்ளைப் பார்க்காமல் போனார். மற்றவர்களுக்கு நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு பிளேடை வாங்கி, தான் மூன்று கோட் அடித்த பெயிண்டைத் தானே சுரண்டினார். தகரம் பளபளவென்று தெரிகிற வரைக்கும் சுரண்டினார். பெட்டியை மாட்டி ஸ்குரூவை முறுக்கினார். பிறகு மீட்டரின் பின்னால் கையை விட்டு அந்த ஈய முத்திரையைக் கொறடால் வெட்டி எடுத்தார். அதை வைத்துக்கொள்ள வேறு இடம் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார்கள். வண்டி ஓடியது. முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. பொறுமை கைதட்டினார். டயர் கடைக்காரருக்கு விஷயம் புரியாவிட்டாலும் அவரும் தட்டினார்.

மணி பத்தாகி ஐந்து நிமிடம்.

"சிஸ்டர், மொபெட்ல ஏறுங்க, பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிஷம்" என்றார் பொறுமை.

முத்திரை சாரும் தலையாட்டினார். "நீ பஸ்ல போ. நின்ன இடத்துல நடுவுல நிக்குது, அவ்வளவுதான் தெரியும். ரோட்டுல எப்படின்னு இன்னும் பாக்கல. சோதிக்காத கருவியை நம்பி உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். உன் குட்டையை நீ பாத்தாகணும்." சொல்லும்போது வண்டியைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பிரயத்தனப்பட்டார்.

சிஸ்டர் கைப்பையைத் திறந்தார். பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் உள்ளே வைத்து மூடினார். ஸ்டூலை டயர் கடைக்காரரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"சோதிக்கணும்னா எங்க வச்சு சோதிக்கணும்?" என்றார். "இருக்கற இடத்துலதானே? இது இருக்கற இடம் ரோடு. ஏறுங்க."

பொறுமை, "போற வழில டேங்கை ரொப்பிக்கோங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

மேம்பாலம் வந்தது, போயிற்று. முள் நடுவை விட்டு நகரவில்லை. ஒரு வருடமாக அந்தப் பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காத இருவருக்கும் சாதாரண வயல்வெளிகூடப் புதிதாக இருந்தது. பங்க்கில் நிறுத்தி டேங்கை நிரப்பினார்கள். முத்திரை சார் அளவுகோலை இறக்கிப் பார்த்தார். பங்க்காரர் முறைத்தார். பாதித் தூரம் வரை முத்திரை சார் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் திடீரென்று பேச்சு நின்றுவிட்டது.

"என்னங்க? மறுபடியும் ஏறுதா?"

"அது இல்ல." இன்னும் ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் சொன்னார். "சீட்டு ரெண்டுதான் இருக்கு."

"அது வாங்கும்போதே தெரியாதா?"

"தெரியும். உங்க ரெண்டு பேருக்குன்னுதானே வாங்கினேன்." முதல் தடவையாக அந்தக் காரணம் வெளியே வந்தது. வந்தது அவருக்கே தெரியவில்லை. "யார் ஓட்டறதுன்னு கணக்குல எடுத்துக்கல. என்னை எண்ணாம விட்டுட்டேன்."

சிஸ்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காற்று என்று ஒரு சாக்கு இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்ங்க. கோழியை விரட்டினீங்களே, அன்னிக்கே தெரியும்" என்றார்.

ஒரு மணிக்குக் குட்டை வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். குட்டை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்தார். தோழியின் தலைத்துணியைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார். இரண்டு கிழவிகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்திரை சார் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு குட்டைக்கும் தலையில் ஒரு துணியைக் கட்டி, மெல்லப் பிடித்து சீட்டில் உட்கார வைத்தார்கள். முத்திரை சார் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை. சாவியைச் சிஸ்டரிடம் நீட்டினார். முகாம்களுக்குப் போக ஆஸ்பத்திரி ஜீப்பையே ஓட்டிய கைதான் அது. ஆனாலும் பதினான்கு வருடத்தில் இந்தச் சாவி ஒரு நாளும் அந்தக் கைக்குப் போனதில்லை. பொறுமைக்குக்கூட வாசலோடு சரி.

சிஸ்டர் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். முத்திரை சார் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்தார். "மூணாவது கியர் கொஞ்சம் இழுக்கும். பிரேக்கைப் படக்குன்னு அமுக்காதே. முள்ளு நடுவுக்கு மேல போச்சுன்னா..."

"நான் முள்ளைப் பாக்க மாட்டேங்க. ரோட்டைத்தான் பாப்பேன்."

வண்டி கிளம்பிப் போயிற்று. துறைமுக ரோட்டு வளைவு வரைக்கும் குட்டையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹாஸ்டல் அந்த வளைவுக்கு அப்பால்தான் இருக்கிறதாம். வார்டன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். முத்திரை சார் படியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஈய உருண்டை தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம் என்று சொன்னவர்கள் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். போய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கும் தலைத்துணி அவிழ்ந்து, முடி பறந்து, முகமெல்லாம் சிவந்திருந்தது. குட்டை மடியில் எங்கேயோ வாங்கிய இரண்டு ஐஸ்கிரீம் குச்சி இருந்தது.

"எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்டார் முத்திரை சார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றார் சிஸ்டர். "நாங்க பாக்கவே இல்லையே."

முத்திரை சார் டேஷ்போர்டை எட்டிப் பார்க்கப் போனார். பாதியில் நின்றார். முன்பக்கமாகச் சுற்றி வந்து, யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பானெட்டின் மேல் புறங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"ஜுரம் இல்ல" என்றார்.